அமெரிக்க வேட்பாளர் சொன்னது சட்டமாகுமா? ஒரு தாளில் கணக்குப் போடும் வழி

அமெரிக்காவில் வாக்களிப்பு முடிகிற நேரம் பினாங்கில் புதன்கிழமை காலை. பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் சிப் ஃபேக்டரியின் கேண்டீனில் அன்றைக்கு நாசி லெமாக் பொட்டலத்தைவிடக் கைப்பேசிதான் முதலில் திறக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் தம்பிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். "அக்கா, இவரு வந்தா நமக்கு ஆர்டர் கூடுமா, கொறையுமா?" கொள்முதல் பிரிவில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. நான் திருப்பிக் கேட்பேன்: "யாரு வந்தாங்கன்னு அப்புறம் பார்ப்போம். செனட்ல எத்தனை?" அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவைதான் செனட்; அங்கே எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதுதான் என் கேள்வி.

இரண்டு வேட்பாளர்களும் வண்டி வண்டியாக வாக்குறுதி கொடுப்பார்கள். எது சட்டமாகும், எது மேடையோடு போகும் என்பதை ஆளை வைத்துச் சொல்ல முடியாது. மசோதா எந்த வகை, நாற்காலி எத்தனை என்று பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் மற்றவர். இருவருடைய பெரிய வாக்குறுதிகளையும் கீழே கீழே எழுதுங்கள்.

எழுதியதும், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போகாத விஷயங்களை அடித்துவிடுங்கள். (மன்றம் என்று நான் சொல்வது அதைத்தான்: கீழவை பிரதிநிதிகள் சபை, மேலவை செனட்.) இறக்குமதி வரி இதில் முதலாவது. 2025 ஏப்ரலில் மலேசியப் பொருளுக்கு 24 விழுக்காடு என்று அறிவித்தார்கள், ஆகஸ்டில் அது 19 ஆனது. இரண்டு தடவையும் மன்றத்தில் ஒரு வாக்குகூட எடுக்கவில்லை, அதிபரின் கையெழுத்தோடு முடிந்தது. எங்கள் பிரிவுக்கு அந்த மாதங்களில் தலைவலியே அதுதான். ஆனாலும் இந்தத் தாளில் அதற்கு இடமில்லை. கையெழுத்தில் வந்தது அடுத்த கையெழுத்திலோ நீதிமன்றத்திலோ போய்விடலாம். அதற்கு வேறு தாள் போடுங்கள்.

மிச்சம் இருப்பவற்றுக்குத்தான் எண்கள் வேண்டும். நமக்குப் பழகிய எண் 112. மலேசிய மக்களவையின் 222 பேரில் 112 பேர் பின்னால் நின்றால்தான் ஒருவர் பிரதமர். ஆகவே அவர் கொண்டுவரும் சாதாரண மசோதா தோற்பது அபூர்வம். அமெரிக்காவில் அதிபருக்கு ஒரு தேர்தல், மன்றத்துக்கு வேறு தேர்தல். ஒரே நாளில் நடந்தாலும் கணக்கு தனித்தனி. ஓர் அவையில்கூடப் பெரும்பான்மை இல்லாமல் ஒருவர் அதிபராகக் காலம் தள்ளலாம். நிக்சன் பதவியில் இருந்த காலம் முழுக்க இரண்டு அவைகளும் எதிர்க்கட்சியின் கையில்தான் இருந்தன.

பிளவுபட்ட மன்றத்தை நாமும் 2018இல் கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறோம். பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை, புதிதாக ஆட்சிக்கு வந்த நம்பிக்கைக் கூட்டணி ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேற்றியது. செப்டம்பரில், ஆட்சியை இழந்த தேசிய முன்னணியினர் அதிகம் இருந்த மேலவை 28க்கு 21 என்று அதைத் தோற்கடித்தது. ஆனால் நம் அரசியலமைப்புப்படி மேலவையால் அப்படிப்பட்ட மசோதாவை ஓராண்டு தள்ளிப்போடத்தான் முடியும். அமெரிக்க செனட்டுக்கு அந்த மாதிரித் தவணை எதுவும் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதோடு மசோதா காலி.

தாளின் தலைப்பில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: 218, 51, 60. பிரதிநிதிகள் சபையின் 435 பேரில் பாதிக்கு மேல் 218. செனட்டின் 100 பேரில் 51. சரிபாதியாக நின்றால் துணை அதிபரின் வாக்கு தீர்த்து வைக்கும். அறுபதுதான் ஆளைக் கவிழ்க்கும் எண். செனட்டில் ஒரு மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகவே 60 பேர் வேண்டும். 1975 முதல் இந்த அளவு. ஃபிலிபஸ்டர் என்று செய்தியில் கேட்பது இதைத்தான். விடிய விடிய யாரும் நின்று பேச வேண்டியதில்லை, 41 பேர் ஒத்துழைக்காமல் இருந்தாலே போதும். அமைச்சர், நீதிபதி நியமனங்களுக்கு இந்தத் தொல்லை இப்போது இல்லை. அவற்றையும் தாளிலிருந்து எடுத்துவிடலாம்.

இனி ஒவ்வொரு வாக்குறுதியும் எந்த வாசலில் நுழையும் என்று பார்க்க வேண்டும். நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

பணம் சம்பந்தப்பட்டதா என்பது முதல் கேள்வி. வரி, அரசுச் செலவு, கடன் உச்சவரம்பு (அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற எல்லை) ஆகியவற்றுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ரிகன்சிலியேஷன் என்ற குறுக்கு வழியைக் கொடுத்திருக்கிறது. அதில் போனால் செனட்டில் 60 தேவையில்லை, 51 போதும். 2017 டிசம்பரில் டிரம்பின் வரிக்குறைப்பு 51க்கு 48 என்று போனது. 2022இல் பைடனின் பருவநிலை, மருந்து விலைச் சட்டம் 51க்கு 50. 2025 ஜூலையில் டிரம்பின் பெரிய வரிச் சட்டமும் 51க்கு 50. கட்சி மாறினாலும் கதவு ஒன்றேதான். வேறு சரக்கை உள்ளே ஒளித்துவைக்கவும் முடியாது. பணத்தோடு நேரடித் தொடர்பில்லாததை வெளியே எடுத்துப் போடப் பேர்ட் விதி என்று ஒன்று இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலர் ஆக்கும் பிரிவு 2021 பிப்ரவரியில் அப்படித்தான் வெளியேறியது.

இந்த வழி திறக்க இரண்டு அவைகளும் ஒரே கட்சியிடம் இருக்க வேண்டும். கீழவை எதிர்க்கட்சியின் கையில் இருந்தால் செனட்டில் 51 இருந்தும் பிரயோசனமில்லை. மன்றம் பிளவுபட்டால் இரு வேட்பாளர்களின் பெரிய வரித் திட்டங்களும் ஒரே நேரத்தில் சாகும். அதனால்தான் நான் செனட்டைப் பற்றிக் கேட்ட கையோடு சபையையும் கேட்பேன்.

இரண்டாவது கேள்வி, கெடு உண்டா? கடன் உச்சவரம்பு, அரசு நடத்தும் செலவு போன்றவற்றை நிறைவேற்றாமல் விட்டால் நாடு நின்றுவிடும். அந்த மசோதாக்கள் பட்டர்வொர்த் போகும் கடைசி ஃபெரி மாதிரி, எல்லாரும் தங்கள் மூட்டையை அதில் ஏற்றப் பார்ப்பார்கள். 2011 ஆகஸ்டில் ஒபாமாவும் குடியரசுக் கட்சிச் சபையும் செலவுக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துப்போனது அப்படித்தான். 2023 ஜூனில் பைடனும் சபாநாயகர் மெக்கார்த்தியும் செய்ததும் அதுவே. வேட்பாளரின் ஒரு சின்ன வாக்குறுதி நிறைவேற வேண்டுமானால் இந்த மாதிரிக் கப்பலில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். விலையும் உண்டு. மெக்கார்த்தி அதே ஆண்டு அக்டோபரில் தன் கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் எதிர்த்து வாக்களித்ததில் நாற்காலியை இழந்தார்.

பணமும் இல்லை, கெடுவும் இல்லை என்றால் 60 வேண்டும். எதிர்க்கட்சியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வர வேண்டும். வருவார்களா? அவர்கள் தொகுதிக்கு லாபம் இருந்தால் வருவார்கள். எங்களுக்கு நெருக்கமான உதாரணம் 2022இன் சிப்ஸ் சட்டம். சிப் தொழிலுக்கு 5,270 கோடி டாலர். செனட்டில் 64க்கு 33, குடியரசுக் கட்சிக்காரர்கள் 17 பேர் ஆதரவு. பணம் வாங்கும் நிறுவனம் பத்து வருடத்துக்குச் சீனாவில் உயர்நிலை சிப் உற்பத்தியைப் பெரிதாக்கக் கூடாது என்று நிபந்தனை. எங்கள் கேண்டீனில் அன்று யாரும் வேட்பாளர்களைப் பற்றிப் பேசவில்லை, வேலை அமெரிக்காவுக்குப் போகுமா, சீனாவிலிருந்து இங்கே வருமா என்றுதான் பேச்சு. 2018இல் டிரம்ப் கையெழுத்திட்ட சிறைச் சீர்திருத்தச் சட்டமும் இதே ரகம், செனட்டில் 87க்கு 12. பிரச்சார மேடையில் கைதட்டு வாங்காத மசோதாக்களுக்குத்தான் இந்த யோகம். இது என் அபிப்பிராயம்; செய்தி பார்க்கும் தம்பிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, சொந்தக் கட்சியின் பலவீனமான ஆளைக் கண்டுபிடியுங்கள். எதிரியை எண்ணுவது சுலபம், அதை எல்லாரும் செய்கிறார்கள். 50, 51 என்று நூலிழையில் இருக்கும் செனட்டில் உண்மையான அதிபர் அந்த ஐம்பதாவது ஆள். 2021 டிசம்பரில் பைடன் கட்சியின் வெஸ்ட் வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்சின் மாட்டேன் என்றதும் பைடனின் பெரிய சமூகநலத் திட்டம் அங்கேயே நின்றது. அவர் ஒத்துக்கொண்ட அளவுக்கு வெட்டிச் சிறிதாக்கியதுதான் 2022இல் சட்டமானது. வேட்பாளரின் பேச்சைப் பத்து நிமிடம் கேட்டால், அந்த ஐம்பதாவது ஆளின் பேச்சை இருபது நிமிடம் கேளுங்கள்.

அவர் பழைய வாக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா 2015 டிசம்பரில் செனட்டில் 52க்கு 47 என்று ஜெயித்தது. ஒபாமா அடுத்த மாதமே வெட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அது எல்லாருக்கும் முன்பே தெரியும். 2017 ஜூலையில் வெட்டோ செய்யாத அதிபர் வந்த பிறகு கிட்டத்தட்ட அதே மசோதா 45க்கு 55 என்று தோற்றது. 2015இல் ஆதரித்த ஆறு பேர் இந்த முறை எதிர்த்தார்கள். சில நாளில் வந்த சின்ன வடிவமும் டிரம்ப் கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கவிழ்த்ததில் 49க்கு 51 என்று போனது. வெட்டோ நிச்சயம் என்று தெரிந்து போட்ட வாக்குக்கு என் தாளில் பாதி மதிப்பெண்தான்.

இரண்டு பக்கத்துக்கும் கீழே இன்னொரு வரி சேருங்கள்: இவரால் எதைத் தடுக்க முடியும்? பிளவுபட்ட மன்றத்தில் அதிபரின் நிஜமான பலம் இதுதான். வெட்டோவை முறியடிக்க இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது லேசில் கிடைக்காது. ஆகவே 'இவர் வந்தால் இது வராது' என்று சொல்வது 'இவர் வந்தால் இது வரும்' என்பதைவிடப் பத்திரமான கணிப்பு. தடுக்கப் பதவிகூட வேண்டாம். 2024 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் லாங்க்ஃபோர்ட், ஜனநாயகக் கட்சியின் மர்ஃபி, சுயேச்சையான கிர்ஸ்டன் சினிமா ஆகிய மூன்று செனட்டர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எல்லைப் பாதுகாப்பு மசோதா ஒன்றை எழுதினார்கள். வெறும் வேட்பாளராக இருந்த டிரம்ப் வேண்டாம் என்றார். 60 தேவைப்பட்ட இடத்தில் 49 வந்தது.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சபைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். 2010இல் ஒபாமாவின் கட்சி சபையில் 63 இடங்களை இழந்தது. அதற்குப் பிறகு அவருடைய பெரிய திட்டம் எதுவும் அந்த வாசலைத் தாண்டவில்லை. புது அதிபருக்கு நான் முதல் இரண்டு வருடத்தைத்தான் கணக்கில் வைப்பேன். அதற்கப்புறம் உள்ள வாக்குறுதிகளைப் பென்சிலில் எழுதுவேன்.

ஒன்றே ஒன்று: புதன்கிழமையே தாளை மூடாதீர்கள். அதிபர் யார் என்பது தெரிந்துவிடலாம், சபை தெரியப் பல நாள் ஆகும். தபால் வாக்குகளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். 2022 நவம்பர் 8ஆம் தேதித் தேர்தலில் சபை குடியரசுக் கட்சிக்குத்தான் என்று உறுதியானது 16ஆம் தேதி. 2020 இன்னும் மோசம். நவம்பரில் குடியரசுக் கட்சிக்கு செனட்டில் 50 கையில் இருந்தது, ஜார்ஜியாவின் இரண்டு இடங்கள் மட்டும் பாக்கி. ஜனவரி 5ஆம் தேதி மறுதேர்தலில் இரண்டும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. செனட் 50க்கு 50 ஆனது, துணை அதிபர் ஹாரிஸ் வந்து தராசைச் சாய்த்தார். மார்ச்சில் 1.9 டிரில்லியன் டாலர் நிவாரணச் சட்டம் ரிகன்சிலியேஷன் வழியில் 50க்கு 49 என்று நிறைவேறியது. நவம்பரிலேயே தாளை மூடியவர்கள் அந்த வரியில் 'வாய்ப்பில்லை' என்று எழுதியிருப்பார்கள்.