ரோஸ்மேரிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு வெப்பம்? புதிதாக வளர்ப்பவர்களுக்குப் படிப்படியாக

நர்சரியில் பச்சைப்பசேலென்று நின்ற ரோஸ்மேரி, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காய ஆரம்பித்தால் பலரும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். செடியின் கதை அதோடு முடிந்தது. பெரும்பாலும் கோளாறு வெளிச்சத்தில்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் உறிஞ்சுவது குறையும்; மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும்; அழுகிய வேரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாமல் இலை காயும். மண்கலவை, உரமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் இடம்.

படி 1: வெயிலை அளந்து இடம் பிடியுங்கள்

நாளுக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. 'நல்ல வெளிச்சமான அறை' இந்தக் கணக்கில் சேராது. மங்கலுக்கு நம் கண் சட்டென்று பழகிவிடும். அதை நம்பி அளக்காதீர்கள். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் கையை நீட்டி நிழலைப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் தெளிவாக விழுந்தால் அது நேரடி வெயில். மங்கிய திட்டாக மட்டும் தெரிந்தால் ரோஸ்மேரிக்கு அது பத்தாது. ஒருநாள் காலையிலிருந்து மாலைவரை மணிக்கொரு தடவை இப்படிப் பார்த்துக் குறித்தால் போதும், கணக்கு தெரிந்துவிடும்.

இவ்வளவு வெயிலை எப்படித் தாங்குகிறது என்று சந்தேகமா? ஓர் இலையைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். நடுவே வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் நுண்ணிய ரோமம். ஈரம் வீணாகாமல் காக்கிற ஏற்பாடு அது. மத்தியதரைக்கடல் ஓரத்துப் பாறைச்சரிவுகளில் காய்ந்து வளர்ந்த செடி அல்லவா!

படி 2: பழக்கிவிட்டு வெயிலில் வையுங்கள்

நிழலில் இருந்த செடியை நேராக உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். முதலில் காலை வெயில் ஓரிரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 7 முதல் 10 நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். புதுச்செடி உண்டாக்க வெட்டி நட்டு, இன்னும் வேர்விடாத தண்டுத்துண்டுக்கு (கட்டிங்) இது பொருந்தாது. உறிஞ்ச வேரே இல்லாததால் அதற்கு நேரடி வெயில் கூடாது. நல்ல வெளிச்சமும் இதமான சூடும் போதும்.

படி 3: வெப்பத்தைக் கவனியுங்கள்

சுமார் 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை செடி சுகமாக வளரும். அதற்குமேல் ஏறினாலும் தாங்கும், வளர்ச்சிதான் மந்தமாகும். என் கணிப்பில், தொட்டிச்செடிக்கு இலைமேல் படுகிற சூட்டைவிட வேரில் ஏறுகிற சூடுதான் ஆபத்து. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கத்தைப் பிற்பகலில் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் உள்ளே வேர் வேகிறது என்று அர்த்தம். மண்தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது தொட்டியை மட்டும் மறைக்கிற மாதிரி முன்னால் இன்னொரு தொட்டியை வையுங்கள். தலை வெயிலில், கால் நிழலில்.

வெப்பத்தோடு புழுக்கமும் சேர்ந்தால் செடிகளை நெருக்கி வைக்காதீர்கள், காற்று நடுவே ஓட வேண்டும்.

குளிர் என்றால், தரையில் நன்றாக வேரூன்றிய செடி உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலும் பிழைக்கும். தொட்டியில் நாலு பக்கமும் குளிர் ஏறுவதால் உறைபனி விழுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

படி 4: வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால்

வட அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த ஜன்னல்தான் சரி. கண்ணாடியை ஒட்டி வைத்து, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள். வெயில் வராத ஜன்னல் என்றால் செடி வளர்க்கவென்றே கிடைக்கும் எல்இடி விளக்கை (க்ரோ லைட்) செடியின் நுனிக்கு ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். இரவில் அணைத்துவிடுங்கள்.

பலரும் தவறவிடுவது இது: வெளிச்சம் குறையும் மாதங்களில் வெப்பமும் குறைய வேண்டும். ஹீட்டர் போட்ட அறையில் செடி வெளிச்சம் இல்லாமலே வளரப் பார்த்து நோஞ்சானாகும். 10 முதல் 15 டிகிரி உள்ள குளிர்ந்த, வெளிச்சமான மூலைதான் செடிக்கு நல்லது. தண்ணீரையும் குறையுங்கள், ஊற்றுமுன் மேல்மண்ணில் விரல் விட்டால் காய்ந்திருக்க வேண்டும்.

படி 5: செடி சொல்வதைப் படியுங்கள்

தண்டு நீண்டு, இலைகளுக்கிடையே இடைவெளி விழுந்து, ஜன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. இலைமேல் வெள்ளைத் தூள் படிந்தால் சாம்பல்நோய். காற்றோட்டமான வெயிலுக்கு மாற்றுங்கள். ஒருமுறை நீண்ட தண்டு வெயிலுக்கு வந்தாலும் குட்டையாகாது, கத்தரிக்கத்தான் வேண்டும். ஆனால் பச்சையாக இலை உள்ள பகுதியில் மட்டும் வெட்டுங்கள். அடியில் இலையில்லாமல் கட்டைபோல் முற்றிய பகுதியில் வெட்டினால் அங்கிருந்து மறுபடி துளிர்ப்பது அரிது.