ஃபேஷன் ஷோ செலவு உங்கள் கைப்பையின் விலையில் எங்கே ஒளிந்திருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

2010இல் பாரிஸின் கிராண்ட் பாலே மண்டபத்தில் ஃபேஷன் நிறுவனமான ஷனேல் நடத்திய ஷோவுக்கு ஸ்வீடனிலிருந்து சுமார் 265 டன் பனியும் ஐஸும் வந்தன. 2017இல் அதே மண்டபத்துக்குள் ஒரு ராக்கெட்டையே நிறுத்தினார்கள். இந்தச் செலவெல்லாம் வாங்குகிறவர் தலையில்தான் விடிகிறது. ஆனால் ஷோவின் பில்லை விற்ற பைகளின் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். அப்படி வகுத்தால் தொகை அற்பமாகத் தெரியும், சுமை இருக்கும் இடம் தெரியாது.

முதலில் வரியைக் கழியுங்கள். இத்தாலியில் 2,600 யூரோவுக்கு விற்கும் பையின் விலையில் 22 சதவீத வாட் அடங்கியிருக்கிறது. 2,600ஐ 1.22ஆல் வகுத்தால் 2,131. பலர் 2,600இல் 22 சதவீதத்தை நேரடியாகக் கழித்து 2,028 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

அடுத்து நிறுவனத்தின் ஆண்டறிக்கை. முதலீட்டாளர்களுக்கான பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் லாப நட்டக் கணக்கு ஒன்று போதும். லூயி வுய்ட்டான், டியோர் போன்ற பிராண்டுகளை வைத்திருக்கும் எல்விஎம்எச் குழுமம் 2023இல் விற்றது சுமார் 8,615 கோடி யூரோவுக்கு. விற்ற பொருளின் அடக்கச் செலவு அதில் 31 சதவீதம், மார்க்கெட்டிங்கும் விற்பனைச் செலவும் 36 சதவீதம். இதே விகிதத்தை 2,131 யூரோவில் போட்டால் பொருளுக்கு 661, விற்பதற்கு 767. பொருளைச் செய்வதைவிட விற்பதற்கே அதிகம். அந்த 36இல் விளம்பரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 12, அதாவது 256 யூரோ. ஷோ, நட்சத்திர ஒப்பந்தம், பத்திரிகை விளம்பரம் எல்லாம் இதற்குள்தான். ஷோவை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்ட மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: இது குழுமத்தின் செஃபோரா அழகுசாதனக் கடைகள், ஒயின் எல்லாம் கலந்த சராசரி. குழுமத்தின் இயக்க லாபம் 26.5 சதவீதம், ஃபேஷன், தோல் பொருள் பிரிவில் மட்டும் அது சுமார் 40. ஆகவே பையில் அடக்கச் செலவின் பங்கு 31ஐவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு.

2024இல் மிலான் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்த 53 யூரோ கணக்கையும் சிலர் இழுப்பார்கள். 2,600 யூரோ டியோர் பையைத் தைத்துச் சேர்த்ததற்குச் சப்ளையருக்குக் கிடைத்த தொகை அது. தோலும் வடிவமைப்பும் அதில் சேரவில்லை. அதை அடக்கவிலை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

இனி முக்கியமான படி: அதே மாடலின் பழைய விலையைத் தேடுங்கள். ஷனேலின் மீடியம் கிளாசிக் ஃபிளாப் என்ற கைப்பை அமெரிக்காவில் 2019 இறுதியில் 5,800 டாலர், 2024இல் 10,800. அந்த இடைவெளியில் அங்கே பொதுவிலைவாசி ஏறியது சுமார் 21 சதவீதம். அதன்படி பை 7,000 டாலரை ஒட்டி நின்றிருக்க வேண்டும். மிச்சம் 3,750க்கும் மேல். தோலும் கூலியும் ஏறிவிட்டன என்பார்கள். அடக்கச் செலவு விலையில் 30 சதவீதம் என்று வைத்தால் பழைய அடக்கம் 1,740 டாலர். அந்த மிச்சத்தை அது விளக்க வேண்டுமானால் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறவில்லை. ஷோக்கள் கட்டிக் காக்கும் மவுசுதான் இப்படி விலை ஏற்ற இடம் கொடுக்கிறது. ஷோவுக்காக வாங்குகிறவர் கொடுக்கும் பெரிய தொகை இதுதான்.

பை வாங்காதவர்களும் தப்புவதில்லை. மேடையில் வரும் உடையை வாங்குகிறவர்கள் சொற்பம். அந்தப் பெயர் ஓடுவது வாசனைத் திரவியத்திலும் கண்ணாடியிலும். பிராடா கண்ணாடியைச் செய்வது ரேபானைச் செய்யும் அதே எசிலோர்லக்சோட்டிகா. இரண்டையும் கையில் வாங்கி, கீல், ஃபிரேமின் பொருள், லென்ஸ் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு விலைச்சீட்டைப் பாருங்கள்.

பையானால் கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் ஓரப் பூச்சை மெல்ல வளைத்துப் பாருங்கள். மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, இடையிடையே தேய்த்து எடுத்த ஓரம் வழவழப்பாக வளையும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசியதில் மயிரிழை விரிசல் தெரியும். பிறகு தையலில் மூன்று சென்டிமீட்டரை அளந்து, பையின் இரண்டு பக்கமும் அதற்குள் விழும் தையல்களின் எண்ணிக்கை ஒன்றா என்று பாருங்கள். விலை பாதியாக உள்ள வேறொரு பையிலும் இதையே செய்துவிட்டு முடிவெடுக்கலாம்.