நைட்ரோ ரேஸ் கார் இன்ஜினை ஓட்டுவதும் பராமரிப்பதும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ரேடியோ கன்ட்ரோல் ரேஸ் காரில் இருக்கும் நைட்ரோ இன்ஜின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழலும். பெரிய வாகனங்களில் இருப்பதுபோல் இதில் ஆயில் பம்ப் கிடையாது, ஆயில் தேங்கும் பகுதியும் கிடையாது. பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வேண்டிய ஆயில் எரிபொருளிலேயே கலந்து வருகிறது. உள்ளே ஆவியாகும் எரிபொருள் வெப்பத்தின் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும், குளிர்ச்சியும் குறையும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

எரிபொருளும் குளோ பிளக்கும்

நைட்ரோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் ஆகிய மூன்றின் கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்குச் சுமார் 6.5 கிலோ போதும், நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 கிலோவே போதும், ஏனென்றால் அது தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. அதே அளவு காற்றை உள்ளிழுக்கும் சிலிண்டரில் அதிக எரிபொருளை எரிக்க முடிவதால்தான் இத்தனை சிறிய இன்ஜினுக்கு இத்தனை வலிமை கிடைக்கிறது. கார்களுக்கான எரிபொருளில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 10 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். இன்ஜினுடன் வரும் கையேட்டில் சொல்லியிருக்கும் சதவீதத்தையே வாங்குங்கள்; ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு அடிக்கடி மாற்றாதீர்கள், ஏனென்றால் சதவீதம் மாறினால் கலவை அளவைச் சரிசெய்யும் ட்யூனிங்கையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மாடல் விமானங்களுக்கான எரிபொருளைக் காரில் ஊற்றக் கூடாது.

மெத்தனால் நச்சுப்பொருள், தோல் வழியாகவும் உடலுக்குள் சேரும், வெயிலில் அதன் தீச்சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. கையுறை அணிந்து, திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில் மட்டும் எரிபொருளைக் கையாளுங்கள். காற்றிலுள்ள ஈரத்தையும் மெத்தனால் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஊற்றிய உடனே கேனை இறுக மூடிவிட வேண்டும்.

இந்த இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அதன் இடத்தில் குளோ பிளக் இருக்கிறது. அதற்குள் இருக்கும் பிளாட்டினம் கலந்த சுருள் கம்பியை, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சுமார் 1.5 வோல்ட் தரும் இக்னைட்டர் சூடேற்றுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு இக்னைட்டரை எடுத்துவிடலாம். எரிதலின் வெப்பமும், பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் நிகழ்த்தும் வேதிவினையும் சேர்ந்து கம்பியைத் தொடர்ந்து கனலச் செய்யும். பிளக்கில் செம்பு வாஷருடன் வரும் சாதாரண வகை, கூம்பு முனையுள்ள டர்போ வகை என இரண்டு உண்டு. ஒன்றுக்கான ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) மற்றொன்றை மாட்ட முடியாது.

முதல் படி: ஸ்டார்ட் செய்வதற்கு முன்

டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, அதன் பிறகே காரிலுள்ள ரிசீவரைப் போடுங்கள். அணைக்கும்போது ரிசீவரை முதலில் அணையுங்கள். சிக்னல் அறுந்தால் கார் தானாக பிரேக் பிடிக்கும்படி ஃபெயில்சேஃப் அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதை, இன்ஜின் ஓடாத நிலையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்துச் சோதியுங்கள். மூன்று கிலோ எடையுள்ள கார் கட்டுப்பாடின்றி ஓடினால் எலும்பை முறித்துவிடும் என்பதால், இந்தச் சோதனையை ஒரு நாளும் தவிர்க்காதீர்கள். ஏர் ஃபில்டரில் ஆயில் தடவியிருக்கிறதா, அது, காற்றும் எரிபொருளும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தரத்தில் சக்கரங்கள் சுழலும்படி காரை ஒரு ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: ஸ்டார்ட் செய்தல்

டேங்க்கை நிரப்பிய பிறகு, குளிர்ந்திருக்கும் இன்ஜினின் சைலன்சர் முனையை விரலால் மூடிக்கொண்டு புல் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சில முறை மெதுவாக இழுங்கள். எரிபொருள் குழாயைக் கவனித்துக்கொண்டே இருந்து, அது கார்புரேட்டரைத் தொட்டவுடன் நிறுத்திவிடுங்கள். பிறகு இக்னைட்டரை மாட்டி, கயிற்றைச் சிறு சிறு வீச்சுகளாக விரைந்து இழுங்கள். கயிற்றின் முழு நீளத்தையும் இழுத்தால் உள்ளே உள்ள ஸ்பிரிங் உடையும்.

கயிறு திடீரென்று நகர மறுத்தால் பலத்தைக் காட்டக் கூடாது. எரிபொருள் மிதமிஞ்சி உள்ளே தேங்கியிருக்கிறது என்று பொருள். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், வலிந்து இழுத்தால், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். குளோ பிளக்கைக் கழற்றி, காரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பலமுறை இழுத்தால் தேங்கியது வெளியேறிவிடும்.

புத்தம்புதிய இன்ஜினில் மட்டும் கயிறு இறுகுவதற்கு வேறு காரணமும் உண்டு. அதன் ஸ்லீவ் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) மேல்பக்கம் சற்றே குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே இறுகிப் பிடிக்கும், சூடேறி ஸ்லீவ் விரிந்தால்தான் சரியான இடைவெளி உண்டாகும். ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹெட்டை ஹேர் டிரையராலோ ஹீட் கன்னாலோ தொட முடியாத அளவுக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: புது இன்ஜினைப் பழக்குதல்

புது இன்ஜினை ஸ்டாண்டில் வைத்து, டேங்க் டேங்காக, வேகம் கொடுக்காமல் மிகக் குறைந்த சுழற்சியில், அதாவது ஐடிலிலேயே ஓடவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த ஓட்டத்தில் இன்ஜின் போதிய சூட்டை எட்டுவதில்லை. இறுகிய ஸ்லீவுக்குள் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் திணிக்கப்படுவதால், கனெக்டிங் ராடுதான் அந்த வேதனையைத் தாங்குகிறது. மாறாக, எரிபொருள் சற்று மிகுந்த நிலையில், ஆனால் ஹெட் சூடு 90 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்படி, காரைத் தரையில் மெதுவாக ஓட்டுங்கள். வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைப் பாதி அளவுக்குள் வைத்து, ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். ஒரு டேங்க் முடிந்ததும் நிறுத்தி, பிஸ்டனைக் கீழ் நிலைக்குக் கொண்டுவந்து, முழுவதும் ஆறவிடுங்கள். இப்படிச் சூடாவதும் ஆறுவதும் நாலைந்து டேங்க்குகள் வரை நடந்த பிறகு, த்ராட்டிலைப் படிப்படியாகக் கூட்டலாம். குளிர்ந்த காற்று வீசும் நாளில் சூடு ஏறவில்லையென்றால், எரிபொருளைக் குறைத்துச் சூடேற்றாமல், ஹெட்டின் மேல் அலுமினியத் தாளையோ துணிப்பட்டையையோ சுற்றிச் சூட்டைத் தக்கவையுங்கள்.

நான்காம் படி: கார்புரேட்டரை ட்யூன் செய்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. பொறுமை வேண்டிய இடமும் இதுவே. எரிபொருள் மிகுந்த கலவையை ரிச் என்றும், குறைந்ததை லீன் என்றும் சொல்வார்கள். கார்புரேட்டரில் மூன்று திருகுகள் இருக்கும். முழு வேகத்துக்கான எரிபொருள் அளவை மெயின் நீடில் தீர்மானிக்கிறது. ஐடிலிலும் கிளம்பும்போதும் செல்லும் அளவை லோ நீடில் தீர்மானிக்கிறது. ஐடில் திருகு, த்ராட்டில் மூடிய நிலையில் காற்று நுழையும் இடைவெளியை மட்டும் தீர்மானிக்கிறது. நீடிலை வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் திருகினால் ரிச். திருகுவதற்கு முன், நீடிலை மிக மெதுவாக முழுவதும் மூடி, எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எப்போது குழம்பினாலும் திரும்பி வர அந்தக் குறிப்பு உதவும். இறுக்கி மூடினால் நீடிலின் முனை கெட்டுவிடும்.

இன்ஜினை நன்றாகச் சூடேறவிட்ட பிறகுதான் எந்தத் திருகையும் தொட வேண்டும். மெயின் நீடிலில் தொடங்குங்கள். லோ நீடிலுக்குச் செல்லும் எரிபொருளும் பெரும்பாலான கார்புரேட்டர்களில் அதன் வழியாகவே வருகிறது. நீண்ட நேர்பாதையில் முழு த்ராட்டில் கொடுத்து ஓட்டுங்கள். கார் தயங்கித் தயங்கி, அடர்ந்த புகையுடன் கரகரத்த ஒலியில் ஓடினால் ரிச்சாக இருக்கிறது. எட்டில் ஒரு சுற்று மட்டும் மூடி, தடத்தில் இரண்டு மூன்று சுற்று ஓட்டிப் பாருங்கள். இப்படி மூட மூட வேகம் கூடும், ஒலி தெளியும். முழு வேகத்திலும் காரின் பின்னால் மெல்லிய நீலநிறப் புகைக்கோடு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கோடுதான் ஆயில் உள்ளே போகிறது என்பதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி. லீனாகிக்கொண்டிருக்கும் இன்ஜின், கெடுவதற்குச் சற்று முன்புதான் தன் மிகச் சிறந்த வேகத்தைக் காட்டும். அந்தக் கூர்மையான ஒலியில் மயங்கி இன்னும் கொஞ்சம் மூடியதால் பாழான இன்ஜின்கள் ஏராளம். வேகம் கூடுவது நின்றுவிட்டால், அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று திறந்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது லோ நீடில். காரை நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் குழாயை விரல்களால் நசுக்கிப் பிடியுங்கள். இன்ஜினின் சுழற்சி இலேசாக உயர்ந்து, ஏறக்குறைய மூன்று விநாடிகளில் அது நின்றால் சரியான நிலை. பிடித்த உடனேயே நின்றால் லீன். வெகுநேரம் ஓடி, சுழற்சி மிகவும் உயர்ந்த பிறகு நின்றால் ரிச். இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: சில விநாடி ஐடிலில் விட்டு, சட்டென்று முழு த்ராட்டில் கொடுங்கள். புகையைக் கக்கிக்கொண்டு சோம்பலாகக் கிளம்பினால் ரிச். புகையே இல்லாமல் அடைத்து நின்றுவிட்டால் லீன். த்ராட்டிலை விட்ட பிறகும் சுழற்சி இறங்காமல் உயரத்திலேயே தொங்கி, மெல்ல இறங்குவதும் லீன் நிலையின் அடையாளம்.

ஐடில் திருகைக் கடைசியில் தொடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டில் மூடிய நிலையில் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தால், 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை இடைவெளி தெரிய வேண்டும். லோ நீடிலில் உள்ள கோளாறை மறைக்க ஐடிலை ஏற்றி வைக்கும் பழக்கம் கிளட்ச்சையும் தின்றுவிடும்.

வெப்பமானி ஒரு துணைதான். பிளக்கை ஒட்டி அளந்தால் 100 முதல் 120 டிகிரிக்குள் பெரும்பாலான இன்ஜின்கள் நலமாக ஓடும். ஆனால் ஓர் எண்ணைக் குறிவைத்து நீடிலைத் திருகுவது தவறு, ஏனென்றால் காற்றோட்டம், பாடியில் உள்ள துளை, பருவநிலை எல்லாமே அந்த எண்ணை மாற்றும். வெப்பமானி இல்லாதபோது ஹெட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது சில விநாடிகளில் கொதித்து ஆவியானால் கவலையில்லை, பட்டதும் துள்ளி மறைந்தால் உடனே நிறுத்துங்கள். காலைக் குளிரில் காற்று அடர்ந்திருப்பதால் அதே அமைப்பு லீனாகும். வெயில் ஏற ஏற ரிச்சாகும். நேற்றைய அமைப்பு இன்றைக்கும் பொருந்தும் என்று நம்பி முதல் சுற்றிலேயே முழு வேகம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஓட்டி முடித்த பிறகு

இன்ஜினை ஐடிலுக்குக் கொண்டுவந்து, கையுறை அணிந்த கையில் தடித்த துணியை வைத்துச் சைலன்சர் முனையை மூடினால் நின்றுவிடும். அன்றைய ஓட்டம் முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, மீண்டும் ஸ்டார்ட் செய்து, உள்ளே எஞ்சிய எரிபொருள் எரிந்து தானாக நிற்கவிடுங்கள். மிஞ்சிய மெத்தனால் ஈரத்தை இழுக்கும். எரிந்த நைட்ரோமீத்தேனின் கழிவு அமிலத்தன்மை கொண்டது. இரண்டும் சேர்ந்து பேரிங்கை ஒரே வாரத்திலும் துருப்பிடிக்கச் செய்யலாம். பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் ஆஃப்டர் ரன் ஆயிலை (துருவைத் தடுக்கும் ஆயில்) சில சொட்டுகள் விட்டு, சுழல்தண்டின் முனையிலுள்ள ஃப்ளைவீலைச் சில முறை சுழற்றுங்கள். பிஸ்டனைக் கீழ் நிலையில் நிறுத்துங்கள். உச்சியில் நின்றால், ஆறிச் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். கீழ் நிலையைக் காட்டும் அடையாளத்தை ஃப்ளைவீலில் மார்க்கரால் போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

வழக்கமான பராமரிப்பு

ஏர் ஃபில்டரை ஓட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும், புழுதித் தடமானால் அதற்கிடையிலும் மாற்றுங்கள். ஃபோமைப் பாத்திரம் கழுவும் திரவத்தாலும் வெந்நீராலும் கசக்கி அலசி, நிழலில் முழுவதும் காயவைத்து, ஃபில்டர் ஆயிலை எல்லா இடத்திலும் பரவும்படி பிசைந்து, மிகுதியைப் பிழிந்துவிடுங்கள். காய்ந்த ஃபோமுக்குள் நுழையும் நுண்மணல் ஸ்லீவின் குரோம் பூச்சைச் சுரண்டிவிடும். அதற்குப் பின் எந்த ட்யூனிங்கும் உதவாது.

கழற்றிய குளோ பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். கம்பிச்சுருள் பளபளப்பாகவும் ஒழுங்காகவும் இருந்தால் நல்லது. சாம்பல் நிறமாகி நெளிந்திருந்தால் கலவை லீனாக ஓடியிருக்கிறது. பிளக்கில் உலோகத் துகள் ஒட்டியிருந்தால் பேரிங்கோ கனெக்டிங் ராடோ தேய்கிறது. திறந்து பார்க்காமல் மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

எந்தத் திருகுக்கும் கட்டுப்படாமல் ஐடில் ஏறி இறங்கினால், நீடில்களை விட்டுவிட்டுக் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கார்புரேட்டரின் கழுத்து, இன்ஜினின் பின்மூடியான பேக் பிளேட், எரிபொருள் குழாய், டேங்க் மூடி, சைலன்சரிலிருந்து டேங்க்குக்குச் செல்லும் அழுத்தக் குழாய் ஆகியவையே வழக்கமான இடங்கள். டேங்க்கைக் கழற்றி, ஒரு குழாயை அடைத்து, மற்றொன்றில் ஊதித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளட்ச் பெல்லின் சின்ன பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும், உதிரி எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். இன்ஜினின் முன், பின் பேரிங்குகளைக் கரகரப்பு தெரிந்த அன்றே மாற்றுங்கள். பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்ததை அறிய, ஆறிய இன்ஜினின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலை விரலால் சுற்றிப் பாருங்கள். உச்சியில் பிடிப்பே தெரியாமல் வழுக்கிச் சுற்றுவதோடு, சூடான பிறகு ஐடிலில் நிற்காமல் அணைந்தும் போனால், இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கூடவே கனெக்டிங் ராடையும் மாற்றிவிடுங்கள். அவற்றை மாட்டிய இன்ஜின் புது இன்ஜினுக்குச் சமம் என்பதால், ஹெட்டைச் சூடாக்கி, மெயின் நீடிலை அரைச் சுற்று கூடுதலாகத் திறந்து, மூன்றாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.