இங்கிலாந்துக்கு வந்த கையோடு பிள்ளையின் பல்லையும் பாருங்கள்

வீடு, பள்ளி, வங்கிக் கணக்கு, ஜிபி என்னும் குடும்ப டாக்டர். புதிதாக வரும் எந்தக் குடும்பமும் இந்த வரிசையில்தான் ஓடுகிறது. பல் டாக்டர் அதில் வருவதே இல்லை. ‘வலித்தால் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் லீவுக்கு ஊருக்குப் போகும்போது நம்ம டாக்டரிடம் காட்டிவிடலாம்’ என்பதுதான் நம் கணக்கு. ஊரில் அந்தக் கணக்கு தப்பாது. சாயங்காலம் டோக்கன் வாங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பல்லைப் பிடுங்கி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இங்கே அதெல்லாம் நடக்காது. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) பல் சிகிச்சை இலவசம். (பிள்ளைக்கு வருடம் 776 பவுண்டு, பெரியவருக்கு 1,035 பவுண்டு என்று விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நம் பல்லுக்கு மறுபடி பணம் கேட்பார்கள். அந்த எரிச்சலை இன்னொரு நாள் கொட்டுகிறேன்.) முதல் பல் முளைத்ததும், தள்ளிப்போனாலும் முதல் பிறந்தநாளுக்குள், ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஜிபிக்கு இருப்பதுபோல் முகவரி எல்லை பல் டாக்டருக்குக் கிடையாது. பக்கத்து ஊர் கிளினிக்கிலும் கேட்கலாம். யார் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்று என்.எச்.எஸ். இணையதளத்தில் போட்டிருக்கும். ஆனால் அந்தத் தகவல் பழசாக இருப்பது சகஜம், போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ்) ஒரு வயதை ஒட்டியும், இரண்டு இரண்டரை வயதிலும் பிள்ளையைப் பார்ப்பார். பால் புட்டி, பிரஷ் பற்றியெல்லாம் விசாரிப்பார். சில இடங்களில் பிரஷும் பேஸ்டும் கையில் கொடுப்பார். பிள்ளையின் உடல்நலக் குறிப்பேடான சிவப்புப் புத்தகத்தில் எல்லாம் எழுதியாகிவிட்டது, அப்படியானால் பல்லையும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வேலை அறிவுரை சொல்வது. ஜிபியும் பல் பக்கம் போகமாட்டார், பல் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவார்.

இனி என் நண்பர் குடும்பம் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். மகளுக்கு இரண்டு வயதானபோது ஒரு கிளினிக்கில் படிவம் நிரப்பிக் கொடுத்து, செக்-அப்பும் செய்துவிட்டார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தோடு அந்த வேலை முடிந்ததாக விட்டுவிட்டார்கள். அப்புறம் ஊருக்கு ஒரு நீண்ட லீவு, வீடு மாற்றம், இரண்டாவது பிரசவம். நாலரை வயதில் ஒரு ராத்திரி குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். விடிந்ததும் அதே கிளினிக்குக்குப் போன் போட்டார்கள். ரிசப்ஷனில் இருந்த அம்மணி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப இனிமையான குரலில், “நீங்கள் எங்கள் பட்டியலில் இல்லை. என்.எச்.எஸ்.ஸில் இப்போது புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. பிரைவேட்டில் வருவதானால் வியாழக்கிழமை இடம் இருக்கிறது” என்றாராம்.

இது அந்த அம்மணியின் அராஜகம் இல்லை என்பதுதான் கொடுமை. ஜிபியிடம் ஒருமுறை பதிந்தால் அந்தப் பதிவு நிற்கும். பல் டாக்டர் விஷயத்தில், அவர்களோடு என்.எச்.எஸ். 2006-ல் கொண்டுவந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்படி ஒரு பதிவே கிடையாது. ஒரு சிகிச்சை தொடங்கி முடியும்வரைதான் அவருக்கு உங்கள் பிள்ளைமேல் பொறுப்பு. அதன் பிறகு உங்களைத் திரும்பக் கூப்பிடுவதெல்லாம் கிளினிக்கின் வழக்கம்தான், கட்டாயம் இல்லை. ரொம்ப நாள் தலைகாட்டாமல் இருந்தாலோ, சொல்லாமல் அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிட்டாலோ பெயரை எடுத்துவிடுவார்கள். கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும்.

ஆகவே செக்-அப் முடிந்து வெளியே வருமுன் அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இடைவெளி 3 மாதம் முதல் 12 மாதம் வரை இருக்கலாம். எத்தனை மாதம் என்று டாக்டர் சொல்வார். பல்லில் ஒன்றுமில்லை என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். அந்தத் தேதி ஊருக்குப் போகும் நாளில் விழுந்தால் முன்கூட்டியே மாற்றுங்கள். வீடோ போன் நம்பரோ மாறினால் ஜிபியிடம் சொன்னது போதாது, கிளினிக்குக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

நண்பர் வேறு வழியில்லாமல் பிரைவேட்டில் காட்டினார். இரண்டு கடைவாய்ப் பற்களில் ஆழமான சொத்தை. நாலரை வயதுப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்குமா? கம்யூனிட்டி டென்டல் சர்வீஸுக்கு அனுப்பினார்கள். பயப்படும் சின்னப் பிள்ளைகளையும் சிறப்புத் தேவை உள்ளவர்களையும் பார்ப்பதற்கென்றே என்.எச்.எஸ். நடத்தும் பிரிவு அது. நல்ல மனிதர்கள், நிதானமாகப் பேசுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் வாசலில் நேராகப் போய் நிற்க முடியாது, டாக்டர் யாராவது கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். அங்கிருந்து மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க மருத்துவமனை வரிசை. அதில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் காரணங்களில் முதலிடம் சொத்தைப் பல்லுக்குத்தான் என்று தெரிந்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

‘பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது’ என்று ஊரிலிருந்து வீடியோ காலில் பாட்டி சொல்வார். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

சொத்தை கறுப்பாகத்தான் ஆரம்பிக்கும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேல் உதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியது போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பல்லைத் துளைக்காமலே தடுத்துவிட முடியும். மூன்று வயதிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வருடத்துக்கு இரண்டு தடவை, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷைப் பல்லில் பூசச் சொல்லி இங்கே வழிகாட்டுதல் இருக்கிறது. சின்னத் தூரிகையால் பூசுவார்கள், ஒரு நிமிட வேலை, ஊசி கிடையாது. அவர்களாகச் செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பெட்டியில் ஊர்ப் பேஸ்டை அடுக்கி வருபவர்கள், டியூபைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைகளுக்கென்று விற்கும் பலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. இங்கே மூன்று வயதுக்குள் ஃப்ளோரைடு குறைந்தது 1,000 பிபிஎம் (அதன் அளவைச் சொல்லும் கணக்கு) இருக்கும் பேஸ்டை லேசாகத் தடவி, மூன்றுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு வைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை கட்டாயம், பகலில் இன்னொரு தடவை. நுரையைத் துப்பினால் போதும். வாய் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் தண்ணீரோடு போய்விடும். நமக்கு அது என்னவோ அரைகுறை வேலை மாதிரிதான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். பால் புட்டியோடு தூங்க வைக்கும் பழக்கத்தை ஒரு வயதோடு நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே வலி வந்து, எந்தக் கிளினிக்கும் எடுக்கவில்லை என்றால் என்.எச்.எஸ்.ஸின் 111 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவசரப் பல் சிகிச்சைக்கு இடம் தேடித் தருவார்கள். முகமோ கழுத்தோ வீங்கி, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் போனில் நேரத்தை ஓட்டாமல் நேராக ஏ அண்ட் ஈ (மருத்துவமனையின் அவசரப் பிரிவு) போங்கள்.

இன்னொன்று. ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கிறார்கள் என்று அவர்களோடு பிள்ளையை அனுப்பிவிட்டு ஆபீஸுக்குப் போய்விடாதீர்கள். சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை பெரும்பாலும் அப்பா அம்மாவுக்குத்தான். அவர்கள் இல்லாவிட்டால் பல்லை எட்டிப் பார்த்துவிட்டு வேறு தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். யாராவது ஒருவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு நீங்களே கூட்டிப் போங்கள்.