கூத்தோ, புத்தகமோ, கைவேலையோ: பிறருக்கு உதவுகிற மாதிரி பரிந்துரை எழுதுவது எப்படி?

"நல்லா இருந்துச்சு, கண்டிப்பா பாருங்க" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அதைப் பார்க்கிற காட்பாடி நண்பரோ குடியாத்தம் சித்தியோ, தாங்களும் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த வரியில் ஒன்றுமே இல்லை. நல்ல பரிந்துரையைப் படித்துவிட்டு ஒருவர் கிளம்பிப் போகவும் முடிய வேண்டும், "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்கவும் முடிய வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம் என்பேன்.

புதிதாக எழுதத் தொடங்குகிறவர்களுக்கான படிகள் கீழே. தெருக்கூத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். வட ஆற்காட்டில் பிறந்துவிட்டு வேறு என்ன செய்வது?

முதல் படி: ஒரே ஓர் ஆளை மனதில் வையுங்கள்

எல்லாருக்கும் எழுத உட்கார்ந்தால் ஒருவருக்கும் உதவாது. தெரிந்த ஒருவரை நினைத்துக்கொண்டு அவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். ஷிஃப்ட் முடிந்து இரவு வீடு திரும்பும் ராணிப்பேட்டை அண்ணன், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த பெண், பேரனோடு பொழுது போக்கும் தாத்தா, யாராக இருந்தாலும் சரி. ஆள் முடிவானால் எதை எழுதுவது, எதை விடுவது என்பது பாதி முடிவாகிவிடும்.

இரண்டாம் படி: அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நாவல் என்றால் கதை தெரியாது. அதனால் முடிவை மறைக்க வேண்டும். கூத்து என்றால் கர்ணன் சாவான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அங்கே கதைச்சுருக்கம் எழுதுவது வீண் வேலை. அன்றைய ராத்திரி அதை எப்படி ஆடினார்கள் என்பதுதான் சேதி.

நாவலுக்கு ஓர் உதாரணம். மு. வரதராசனின் 'அகல் விளக்கு' 1961இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. இதை மட்டும் எழுதினால் பொதுஅறிவுக் கேள்வி பதிலாகிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"இரண்டு நண்பர்களின் கதை, வாலாஜா பக்கத்து மண்ணில் தொடங்குகிறது. பாலாற்றங்கரை தெரிந்தவர்களுக்கு முதல் அத்தியாயங்கள் தனியாகப் பிடிக்கும். நடை எளிமை, புதிதாக நாவல் படிப்பவரும் திணறாமல் போகலாம். இடையிடையே ஆசிரியர் அறிவுரை சொல்வார். அது பிடிக்காதவர்களுக்குப் பொறுமை வேண்டும்."

கதையில் என்ன நடக்கிறது என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. ஆனாலும் தேவையானது கிடைத்துவிட்டது. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்ற இரண்டும் இருந்தால் நாலு வரி போதும்.

மூன்றாம் படி: பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

பங்குனி பிறந்தால் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா களைகட்டும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளமும் தீமிதியும். இரவெல்லாம் விழித்துப் பார்த்துவிட்டு மறுநாள் எழுத உட்கார்ந்தால் எல்லாம் கலங்கிப் போயிருக்கும். செல்போன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, துண்டு துண்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியம் எழுதினால் ஆட்டத்தைக் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

எதைக் குறிப்பது? கூத்தைத் தொடங்கிவைத்துச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் வந்ததும் கூட்டம் எப்படித் திரும்பியது என்பதிலிருந்து தொடங்கலாம். உள்ளூர் விஷயத்தை இழுத்துச் சிரிக்க வைத்தாரா, பழைய ஜோக்கையே ஓட்டினாரா? அடுத்தது திரை. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னால் நின்று வேஷக்காரர் பாடுவாரே, அந்தக் குரல் கடைசி வரிசை வரை வந்ததா, மைக் விழுங்கிவிட்டதா? கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றும்போது அடவும் தாளமும் சேர்ந்தே போனதா? முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் இருந்ததா, ஆர்மோனியத்தோடு சரியா? முகவீணை ஊதுகிறவர் நன்றாக அமைந்தால் அதற்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எந்தக் காட்சி ஏறத்தாழ எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குறியுங்கள். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் முழு உதவி. மாதிரிக்கு ஒன்று:

"கர்ண மோட்சம். பத்தரைக்கு மேல் தொடங்கி விடியும்வரை. கட்டியங்காரன் பகுதி நீளம், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். முழு இரவு உட்கார முடியாதவர்கள் இரண்டு மணிக்கு மேல் வந்தாலும் போதும். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தைத் தவறவிடாதீர்கள். தரையில்தான் உட்கார வேண்டும், பாய் கொண்டுவரவும்."

இதைப் படித்தவர் அலாரம் வைத்துக்கொண்டு வருவார். "கூத்து எப்பிடி கீது?" என்று கேட்டு இனி உங்களுக்கு போன் செய்யமாட்டார்.

நான்காம் படி: குறையையும் எழுதுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்

சினிமா நடிகரைத் திட்டினால் அவர் காதுக்குப் போகாது. கூத்தில் வேஷம் கட்டுகிறவர் பக்கத்து ஊர்க்காரர். நாளைக்கே பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பார். அதற்காகக் குறையை மறைக்கச் சொல்லவில்லை. "துரியோதனன் வேஷக்காரருக்குக் குரல் கட்டியிருந்தது, வசனம் பாதி கேட்கவில்லை" என்பது குறை. அவருடைய வயதையும் உடம்பையும், பெண் வேஷம் கட்டியதையும் கேலி செய்வது குறை அல்ல, வம்பு.

குறை எழுதும் அதே கையால் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பெயரையும் ஊரையும் சரியாக எழுதுங்கள். அடுத்த ஆண்டு எந்த ஜமாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் இப்படித்தான் விசாரிக்கிறார்கள். உங்கள் பத்து வரி ஒரு குழுவின் வருமானத்தைத் தொடும் என்பது நினைவிருக்கட்டும்.

ஐந்தாம் படி: கைவேலை என்றால் தொடக்கத்தை எழுதுங்கள்

ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை, களிமண் நகை, கோலம், ஓவியம் என்று எதைப் பரிந்துரைத்தாலும் முடிந்த பொருளின் படத்தை மட்டும் போடாதீர்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஃப்ரேமும் ஊசியும் வாங்கியவர்கள், சங்கிலித் தையலிலேயே நூல் அறுந்து அறுந்து போக, பரணில் ஏற்றிவிடுவார்கள். முதல் நாட்களில் எது படுத்தும், கழுத்து வலிக்குமா, எவ்வளவு செலவு, எதை முதலில் வாங்க வேண்டாம் என்று எழுதுங்கள். ஆரணிப் பட்டில் நேரடியாகக் கை வைக்காமல் பழைய காட்டன் துணியில் பழகச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: போடுவதற்கு முன் சரிபார்க்க

புத்தகம் இலவசமாக வந்ததா, பயிற்சி வகுப்புக்காரர் கட்டணம் வாங்கவில்லையா? முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும், காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

மதிப்புரைக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்ட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக்கி குரூப்பில் போடுவது பரிந்துரை ஆகாது. வாங்க வசதியில்லை என்று கேட்டால் மாவட்ட மைய நூலகத்துக்கு வழிகாட்டுங்கள்.

வேஷம் கட்டும் இடத்தில் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். அரிதாரம் பாதி பூசிய முகம் வெளியே போவதைச் சிலர் விரும்புவதில்லை.

நாவலைப் பற்றி ஒரு வாரம் ஊறப்போட்டு எழுதினாலும் கெட்டுப்போகாது. கூத்தைப் பற்றியதை மறுநாள் தூங்கி எழுந்ததும் போட்டுவிடுங்கள். அதே ஜமா அடுத்து எந்த ஊரில், என்றைக்கு ஆடப்போகிறது என்று ஆட்டம் முடிந்ததும் குழுவை நடத்தும் வாத்தியாரிடமே கேட்டு, கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.