ஆளுக்கு முத்திரை, வண்டிக்குத் தாள்

தென் அமெரிக்காவில் பைக்கோடு எல்லை தாண்டப் போகிறீர்களா? தாண்டுவது நீங்கள் மட்டுமில்லை, வண்டியும்தான். அதற்குத் தனி வரிசை, தனித் தாள். இதை மறந்துதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

'மிக்ராசியோன்' கவுன்டர் பாஸ்போர்ட்டுக்கு, 'அதுவானா' கவுன்டர் வண்டிக்கு. முதலில் கிளம்பும் நாட்டில் வெளியேறும் முத்திரை வாங்குங்கள். அடுத்து அதே பக்கத்து அதுவானாவில், உள்ளே வரும்போது கொடுத்த தற்காலிக இறக்குமதித் தாளை ஒப்படைத்து ரத்து செய்யச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் போனதும் மறுபடி முத்திரை, மறுபடி தாள். ரத்து செய்யாமல் வந்துவிட்டால் அவர்கள் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கும். கெடு முடிந்த பிறகு திரும்பிப் போனால் அபராதம், சில இடங்களில் பறிமுதல்கூட உண்டு. முத்திரை குத்தியாச்சே என்று கிளம்பிவிடாதீர்கள்.

புதுத்தாள் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒரு எல்லையில் நான் ஹெல்மெட் மாட்டி, கையுறை போட்டு, வண்டியைக் கிளப்பிய பிறகுதான் சந்தேகம் வந்து தாளை எடுத்தேன். சேசிஸ் எண்ணில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' இருந்தது. 17 இலக்கச் சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகள் வரவே வராது. அதைச் சொல்லி, வண்டியில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துக் காட்டினேன். அரை மணி நேரத்தில் புதுத்தாள் கிடைத்தது. இதையே வெளியேறும்போது கண்டுபிடித்திருந்தால், வண்டியை மாற்றிவிட்டாயா என்ற கேள்விக்கு என் அரைகுறை ஸ்பானிஷில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நம்மூர் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல், இனிஷியல். ஆர்.சி.யில் 'கே.' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். அங்கே 'அபெயீதோ' என்ற குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஆர்.சி.யில் பெயரைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். பாஸ்போர்ட், ஆர்.சி., லைசென்ஸ் மூன்றுக்கும் ஐந்தாறு ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும்.

காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். பெருவிலும் கொலம்பியாவிலும் 'சோவாட்' என்ற விபத்துக் காப்பீடு கட்டாயம். அது இல்லாமல் போலீஸ் நிறுத்தினால் தப்பு நம்முடையதுதான்.

எந்த எல்லை என்பதும் முக்கியம். ஈக்வடாரிலிருந்து பெருவுக்குக் கடலோர வழியில் வாக்கியாஸ் இருக்கிறது. சந்தைக்கடை மாதிரி கூட்டம். நான் மலைப்பக்கம் மக்காரா போய், பாலம் தாண்டி லா டினாவில் இறங்கினேன். சுற்றுதான், ஆனால் வண்டியைக் கண்ணில் படுகிற தூரத்தில் நிறுத்த முடிந்தது. தனியாகப் போகிறவருக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு. காவலர் நிற்கும் வாசலை ஒட்டி நிறுத்துங்கள், டேங்க் பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபாரம் நிரப்பித் தருகிறேன் என்று ஓடி வருகிறவரிடம் சிரிக்கலாம், பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது. காசு மாற்றுவதென்றால் அடுத்த ஊர் வரைக்கும் போதுமான அளவு மட்டும். அவர் எண்ணித் தந்ததை நீங்களும் எண்ணுங்கள்.

அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து சிலிக்குப் போகும் லிபர்த்தடோரெஸ் கணவாய் 3,000 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் பனி விழுந்தால் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிலிக்குள் பழம், இறைச்சி, தேன் எதுவும் கூடாது. பையின் அடியில் ஒரே ஒரு ஆப்பிள் கிடந்தாலும் படிவத்தில் 'ஆமாம்' என்றே போடுங்கள். உண்மையைச் சொன்னால் ஆப்பிள் மட்டும்தான் போகும், மறைத்தால் அபராதம். டெசகுவாடெரோவில் பெருவும் பொலிவியாவும் சந்திக்கும் உயரம் சுமார் 3,800 மீட்டர். அங்கே வரிசைக்கு வரிசை ஓடாதீர்கள், தலை சுற்றும்.

எல்லைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், இருட்டில் தெரியாத ஊருக்குள் நுழைய வேண்டாம். பெருவின் டாக்னாவிலிருந்து சிலியின் அரிக்கா 55 கிலோமீட்டர்தான், மதியம் கிளம்பலாம் என்று தோன்றும். ஆனால் சிலியின் கடிகாரம் அவர்களுடைய கோடையில் 2 மணி நேரமும் மற்ற மாதங்களில் 1 மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. நானும் அப்படி நினைத்துச் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குக் கிளம்பினேன். டாக்னாவை விட்டு வெளியே வருவதற்குள் அரிக்காவில் மணி 4 ஆகியிருந்தது.