தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு: கொண்டுபோய்க் கொடுக்கும் முறை

பிள்ளைகள் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று பிழைக்கப் போய்விட்ட வீடுகள் தர்மபுரியில் தெருவுக்கு நாலு இருக்கும். அப்படித் தனியாக இருக்கும் பெரியவர்கள் 24 பேருக்கு, வாரத்தில் 6 நாள், மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமையலை விட்டுவிடுகிறேன், அதற்கு ஆள் கிடைத்துவிடும்.

1. வீடுகளைப் பிரிப்பது

ஒருவருக்கு 6 வீடு, அதற்கு மேல் வேண்டாம். பிடமனேரி ஒருவர், குமாரசாமிப்பேட்டை ஒருவர் என்று பிரியுங்கள். மதிய நேரத்தில் 'நான்கு ரோடு' சந்திப்பைத் தாண்ட வேண்டியிருக்கக் கூடாது. வீட்டுக்கு 5 நிமிஷம், வண்டி ஓட்ட கால் மணி நேரம், ஆக முக்கால் மணியில் முடியும்.

2. ஆள் போடுவது

"இன்னைக்கு யார் போறீங்க?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். இன்னொருவர் போவார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை இவர், அவர் வராவிட்டால் இவர் என்று தாளில் எழுதி, சாப்பாட்டுப் பையிலேயே ஒட்டுங்கள். அந்தத் தாளில் பக்கத்து வீட்டு நம்பரும் பிள்ளைகள் நம்பரும் இருக்கட்டும். முகூர்த்த நாளுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஒரு மாதம் முன்பே ஆள் பிடியுங்கள். பதினெட்டாம் பெருக்கன்று பாதிப் பேர் ஒகேனக்கலில் இருப்பார்கள்.

3. கேரியர்

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இது. சாம்பார் சிந்தக் கூடாது என்று, மூடி இறுக்கமான எவர்சில்வர் கேரியராகப் பார்த்து வாங்கினோம். இரண்டாவது வாரம் ஒரு ஆயா வீட்டிலிருந்து கேரியர் கனமாகத் திரும்பி வந்தது. திறந்தால் சோறு அப்படியே இருக்கிறது, புளித்த வாடை அடிக்கிறது. விரல் மூட்டு வீங்கிப்போய் அவரால் கிளிப்பைத் தள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சம். "பசிக்கல கண்ணு, அதான் வச்சுட்டேன்" என்றார். விசாரித்தால் இன்னும் மூன்று வீட்டில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பித் திறந்துகொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து எங்கள் விதி இதுதான்: வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. உள்ளே போய், மூடியைத் திறந்து, தட்டில் பரிமாறி, தண்ணீர் மொண்டு வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்த 5 நிமிஷம் இதற்குத்தான். வீட்டுக்கு இரண்டு கேரியர் வாங்குங்கள். இன்றையதைக் கொடுத்து நேற்றையதை வாங்கும்போது கையில் எடை பாருங்கள். மிச்சம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பல் வலியா, காய்ச்சலா என்று எங்களுக்கு முதலில் தெரிவது அதில்தான்.

கதவு திறக்காவிட்டால் திரும்பி வராதீர்கள். ஃபோன் அடியுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள், பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஆளைப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது.

4. சூடு

சாதம் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் ஹாட்பாக்ஸில் இருக்க வேண்டும். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து, அரிசி கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சாகிவிடும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், தொட்டுப் பார்ப்பதை நான் நம்புவதில்லை.

நம் ஊர்ப் பெரியவர்கள் களி கேட்பார்கள். மெல்லாமல் விழுங்குவதால் பல் இல்லாதவர்களுக்கும் பிடிக்கும். ஆறினால் இறுகிவிடும் என்பதால் களி நாளில் மட்டும் ஒருவருக்கு 4 வீடுதான் கொடுக்கிறோம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எது கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்காமல் களி கொடுக்காதீர்கள்.

5. பதிவு

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், லாபம் இல்லாமல் செய்கிறவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் முதலிலேயே பதிந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

ஒரு நாளைக்குச் சாப்பாடு வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வார்கள் என்று கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். காலை 8 மணிக்குள் மிஸ்டு கால் கொடுத்தால் போதும், எட்டரைக்குத்தான் அரிசி அளக்கிறோம். ஆனால் திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். கை தவறி அழுத்திய தாத்தா ஒருவருக்கு அன்று சாப்பாடு போகாமல் இருந்தது. ஃபோன் இல்லாதவர்களிடம், முந்தின நாள் கேரியர் வாங்கும்போதே "நாளைக்கு வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.